பழகிய வெள்ளம்

வானிலையின் வரலாறு என்று நம் கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் எண்கள்தாம்: காற்றின் வேகம், மழையின் அளவு, மாண்டோர் தொகை. அன்று காலையில் மக்கள் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பது அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிடுகிறது. நமக்கோ அந்த அடிக்குறிப்புகளே முதன்மையானவை எனத் தோன்றுகின்றன. வந்துகொண்டிருந்த புயலைத் தாம் கண்ட எந்தப் பழைய நாளோடு அவர்கள் ஒப்பிட்டனர் என்பது அங்கேதான் கிடைக்கிறது.

1888 சனவரி 12ஆம் நாள். அமெரிக்காவின் டகோட்டா, நெப்ராஸ்கா சமவெளிகளில், கடுங்குளிருக்குப் பின் அன்றைய பொழுது வழக்கத்துக்கு மாறாக இதமாக விடிந்தது. பிள்ளைகள் பலர் கனத்த மேலங்கியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போயினர். அடைபட்டுக் கிடந்த மாடுகளை உழவர்கள் வெளியே ஓட்டினர். குளிர் விட்ட நாளில் எவரும் செய்யக்கூடியதே இது. பின்னர் வடமேற்கிலிருந்து பனிப்புயல் சுவர்போல் வந்து மோதியது. மாவாய்ப் பறந்த பனியில் கைத்தொலைவுகூடத் தெரியாமற் போயிற்று. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே வழிதவறி மாண்டவர் பலர். இறந்தோர் ஏறத்தாழ 235 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ‘பள்ளிப் பிள்ளைகளின் பனிப்புயல்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

அங்கே மக்களை ஏமாற்றியது ஒரேயொரு காலைப்பொழுது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து டெக்சாசின் கால்வெஸ்டன் நகரில் ஏமாற்றியதோ பல்லாண்டுப் பழக்கம். ஆதலால் அவ்வூரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

கால்வெஸ்டன் மெக்சிகோ வளைகுடாவின் ஓரத்தில் நீண்டு கிடக்கும் மணல்தீவு. பருத்தி ஏற்றுமதியால் செழித்த அத்துறைமுகத்தில் 1900ஆம் ஆண்டில் 37,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். நகரின் மிக உயர்ந்த மேடும் கடல்மட்டத்திலிருந்து ஒன்பது அடியை எட்டவில்லை. கடல்நீர் தெருவுக்குள் வருவது அங்கே புதிதன்று. அதற்கு அவர்கள் ‘ஓவர்ஃப்ளோ’ என்று செல்லமாகவே ஒரு பெயர் வைத்திருந்தனர். பெருக்கு என்று நாம் சொல்லலாம். (ஆடிப் பதினெட்டில் பெருக்கைக் கொண்டாடுகிற நமக்கு அந்தச் செல்லம் விளங்காததன்று.) வீடுகளைத் தூண்கள்மீது உயர்த்திக் கட்டினர், நீர் வரும், சிறுவர் அதில் விளையாடுவர், பிறகு வடிந்துவிடும்.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. அதே கடற்கரையில் இருந்த இந்தியனோலா என்ற துறைமுகம் 1875லும் 1886லும் சூறாவளியால் அழிந்து, இரண்டாம் முறைக்குப் பின் கைவிடப்பட்டது. கால்வெஸ்டனில் கடற்சுவர் பற்றிய பேச்சு எழுந்து அடங்கிற்று. 1891இல் நகரின் வானிலை அதிகாரி ஐசக் கிளைன் உள்ளூர் நாளேட்டில் ஒரு கட்டுரை எழுதினார். புயல் அலை நகருக்குப் பெருங்கேடு விளைவிக்கும் என அஞ்சுவது அறிவுக்குப் பொருந்தாது என்பது அவர் முடிவு. ஊரார் ஏற்கெனவே நம்பியதை அறிவியலின் பெயரால் அவர் உறுதி செய்தார் எனலாம். பழக்கத்துக்கு இவ்வாறு சான்றிதழ் கிடைத்துவிட்டால் அதை அசைப்பது கடினம்.

கியூபாவிலோ, ஏசுசபைத் துறவியரின் பெலேன் வானாய்வு நிலையம் சூறாவளி ஆய்வில் பெயர்பெற்றிருந்தது. 1900இல் அத்தீவு அமெரிக்க ஆட்சியின்கீழ் இருந்தமையால், கியூப நிபுணர்களின் வானிலைத் தந்திகளுக்கு வாசிங்டன் தடை விதித்தது. புயல் வளைகுடாவுக்குள் புகும் என்றே கியூப நிபுணர்கள் கணித்தனர். வாசிங்டனோ அது வடகிழக்கே திரும்பும் என்று நம்பியது.

செப்டம்பர் 7, வெள்ளிக்கிழமை, கால்வெஸ்டனில் புயற்கொடி ஏற்றப்பட்டது. மறுநாள் காலை அலைகளைக் காண மக்கள் திரள் திரளாகக் கடற்கரைக்குப் போயினர். கரையோரக் கடைகளையும் குளியல் மண்டபங்களையும் கடல் உடைத்தெறிவதை வேடிக்கை பார்த்தனர். நீர் புகுந்த தெருக்களில் சிறுவர்கள் ஆடிக் களித்தனர். கிளைன் வண்டியேறிக் கரையோரமெங்கும் சென்று மக்களை எச்சரித்ததாகப் பின்னாளில் எழுதினார். அதை ஐயுறும் வரலாற்றாசிரியர்கள் உளர்.

மாலையில் விளையாட்டு முடிந்தது. வீடு மிதந்து பெயர்ந்துவிடாதிருக்கச் சிலர் கோடரியால் தரைப்பலகையை வெட்டிக் கடலைத் தாமே உள்ளே விட்டனர். பெருக்கோடு வாழ்ந்து கற்ற உத்தி அது. எனினும் பதினைந்தடிக்கும் மேல் எழுந்த நீரின் முன் அது எம்மாத்திரம்? உறுதியாகக் கட்டப்பட்டதென்று பெயர்பெற்ற கிளைனின் வீட்டில் ஏறத்தாழ ஐம்பது பேர் தஞ்சம் புகுந்தனர். பிழைத்தவர் பதினெண்மர். மாண்டவருள் அவருடைய மனைவியும் ஒருவர். கடற்கரை அனாதை இல்லத்தில் கன்னியர் துணிக்கொடிக் கயிற்றால் குழந்தைகளைத் தம்மோடு பிணைத்துக்கொண்டனர். அங்கிருந்து உயிர்தப்பியோர் மூன்று சிறுவர் மட்டுமே. மொத்தச் சாவு ஆறாயிரத்துக்குக் குறையாது. எண்ணாயிரம் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு.

அம்மக்களை அறியாதவர், அலட்சியக்காரர் என்று எழுதிச் செல்வோருடன் நாம் உடன்படவில்லை. கடலை அவர்கள் நன்கறிந்திருந்தனர். முந்தைய பெருக்குகள் எல்லாம் வடிந்தவை. அந்தக் கணக்கைக் கொண்டே இதையும் அளந்தனர். புயலே காணாத அயலூரான் ஒருவன் அன்று காலையிலேயே அஞ்சி இரயிலேறியிருக்கக்கூடும்.

பிழைத்தவர்கள் ஊரை விட்டுவிடவில்லை. 1902இல் தொடங்கி 1904க்குள் பதினேழடி உயரக் கடற்சுவர் எழுப்பினர். அதன்பின் ஊரையே உயர்த்தத் துணிந்தனர்: இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு நெம்புகோல்களால் தூக்கி நிறுத்தி, கடலடி மணலை நீரோடு குழாய்வழிப் பாய்ச்சிக் கீழே நிரப்பினர். மரங்களும் தோட்டங்களும் புதைந்து மடிந்தன. அப்பணி நடந்த ஆண்டுகளில் தரையில் கால் வைக்க இயலாதாகையால், உயரத்தில் பலகைப் பாலங்கள் அமைத்து அவற்றின் மேலேயே கடைக்கும் கோவிலுக்கும் போய்வந்தனர். 1915இல் மற்றொரு பெருஞ்சூறாவளி வந்தபோது சுவர் நின்றது.