பல்லாவரத்துக் கல், கல்கத்தாப் பெயர்

சென்னையின் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கருங்கல்லைப் பொதுவாகக் கிரானைட் என்கிறோம். நிலவியலில் அது சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைப் பாறை என்று கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893இல் சார்னோக்கின் பெயரையே பாறைக்கு இட்டார். முதலில் விவரித்த மாதிரியின் பெயர் நிலைப்பதே அறிவியல் மரபு என்பார்கள், அது நியாயம்தான். ஆனால் கல்லறை ஒரு பெயரை மட்டுமே தந்தது. பாறையின் வரலாற்றைச் சொல்வது குன்றுதான்.

கல் அழியாது, இரும்புதான் துருப்பிடிக்கும் என்ற நம் எண்ணத்தையும் அக்குன்று திருத்துகிறது. சார்னோக்கைட்டில் உள்ள ஹைப்பர்ஸ்தீன் கனிமத்தில் இரும்பு இருக்கிறது. மழைநீரும் ஆக்சிஜனும் பட்டுப் பாறையின் மேல்தோல் பழுப்பேறுகிறது. ஃபெல்ட்ஸ்பார் மெல்லக் களிமண்ணாகிறது. அப்படியானால் கடலோர அடையாற்று ஜன்னல் கம்பி சில ஆண்டுகளில் துருப்பிடிக்க, பாறை யுகங்கள் நிற்பது ஏன் என்று கேட்கலாம். கம்பியின் இரும்பு வெறும் உலோகம். கடற்காற்றின் உப்பு ஈரம் அதன் அரிமானத்தை விரைவுபடுத்துகிறது. பாறையின் இரும்போ சிலிக்கேட்டுக் கட்டமைப்பில் பூட்டப்பட்டது. உள்ளே இருப்பதைப் பெரும்பாலும் வெடிப்புகள் வழியேதான் நீர் அடைய முடியும். வேறுபாடு பெரும்பாலும் வேகத்தில்தான். இந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் படத்தில் அல்ல, பல்லாவரத்துப் பாறையருகே நின்று கற்க வேண்டும்.