சிவப்பு சேசிஸின் சாட்சிகள்

ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் சேசிஸுக்கு என்ன நிறம் அடிப்பது? என்னிடம் வந்த கேள்வி இவ்வளவுதான். வண்டி, மோட்டோ குட்ஸி வி7 ஸ்போர்ட். வட இத்தாலியில் லெக்கோ நகருக்கு அருகே, ஓய்வுபெற்ற லேத் தொழிலாளியான நண்பர் ஒருவர் தன் வீட்டு ஷெட்டில் அதை முழுக்கப் பிரித்துப் போட்டிருந்தார். சேசிஸ் சிவப்பாக இருந்தது. சுரண்டிவிட்டு அதே சிவப்பை அடித்துவிடலாமா, அதற்கு முன் ஆவணங்களைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். பழைய இயந்திரங்களின் வரலாற்றைத் தேடுவது என் வேலை. உப்புத்தாளைக் கீழே வைக்கச் சொன்னேன்.

காரணம் உண்டு. இந்த வண்டியைப் பொறுத்தவரை சிவப்பு ஒரு பிறப்புச் சான்றிதழ். 1971-இல் வி7 ஸ்போர்ட் வெளிவந்தபோது, முதல் சிறு தொகுதியை வழக்கமான உற்பத்தி வரிசையில் செய்யவில்லை. பந்தய வண்டிகளைச் செய்த பிரிவில் கைவேலையாகவே செய்தார்கள். அவற்றின் சேசிஸ் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்களால் ஆனது. அதற்குச் சிவப்பு வண்ணம், பெட்ரோல் டேங்குக்கு எலுமிச்சைப் பச்சை. சிவப்புச் சட்டம் என்ற பொருளில் அவற்றை இத்தாலியர்கள் ‘தெலாயோ ரோஸ்ஸோ’ என்கிறார்கள். பின்னால் வந்த வழக்கமான உற்பத்தியில் சாதாரண எஃகும் கறுப்பு வண்ணமும் இடம்பிடித்தன. சிவப்புத் தொகுதியில் எத்தனை வண்டிகள் என்பதில் நூல்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 150 என்பது பரவலான கணக்கு. 200-ஐத் தாண்டும் என்போரும் உண்டு. எண்ணிக்கை எதுவானாலும் சிவப்பு வண்டிக்குக் கறுப்பு வண்டியைவிட மிக அதிக விலை. ஒரு டப்பா பெயிண்டுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியும் நிறத்தைச் சாட்சியாக ஏற்க முடியாது.

ஒரு சேசிஸின் பூர்வீகம்

கோமோ ஏரியின் கிழக்குக் கிளைக் கரையில் மண்டெல்லோ டெல் லாரியோ என்ற சிற்றூர் இருக்கிறது. 1921-இல் தொடங்கிய மோட்டோ குட்ஸி நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கேதான். முழு அளவு மோட்டார் சைக்கிளை ஆளோடு நிறுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தை 1950-இலேயே கட்டிக்கொண்ட நிறுவனம் அது. ஜூலியோ சேசரே கார்கானோ வடிவமைத்த ‘வி’ வடிவ இரட்டை சிலிண்டர் எஞ்சினோடு வி7 வண்டியை 1965-இல் மிலான் கண்காட்சியில் காட்டினார்கள். காவல்துறைக்கும் நெடும்பயணத்துக்கும் ஏற்ற, கனத்த, உயரமான வண்டி. உயரத்துக்குக் காரணம் டைனமோ. இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவே, எஞ்சினின் தலையில் அது உட்கார்ந்திருந்தது; பெல்ட் அதைச் சுழற்றியது. அதற்கு மேலே கையைவிட இடம் வைத்துத்தான் சேசிஸ் குழாய்களைக் கொண்டுபோக முடிந்தது.

கார்கானோவுக்குப் பின் 1967-இல் வந்த லினோ டோன்டி இந்தச் சிக்கலை எளிதாக அவிழ்த்தார். டைனமோவை எடுத்துவிட்டு, கிராங்கின் முன்முனையில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தினார். சிலிண்டர்களுக்கு நடுவே பள்ளம் காலியானது. ஸ்டியரிங் தலையிலிருந்து பின்பக்கம்வரை ஏறக்குறைய நேர்கோடாகக் குழாய்களை ஓட்டி, எஞ்சினை அவற்றோடு ஒட்டித் தொங்கவிட முடிந்தது. கீழ்க்குழாய்களைக் கழற்றினால் எஞ்சின் தனியே இறங்கிவிடும். வீட்டில் வேலை செய்பவருக்கு இது பெரிய வரம். நண்பரும் துணைக்கு ஆளில்லாமல்தான் இறக்கியிருந்தார்.

இந்தப் புது சேசிஸின் முதல் பிரதியை டோன்டி தன் வீட்டு அடித்தளத்தில் உருவாக்கினார், அப்போது தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது என்று குட்ஸி வரலாறு எழுதுவோர் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. எனக்குப் பிடித்த கதை. ஆனாலும் அதை ‘வாய்மொழி’ என்ற கோப்பில்தான் வைத்திருக்கிறேன். எல்லோரும் சொல்வதாலேயே ஒரு செய்திக்குச் சாட்சிகள் பெருகிவிடுவதில்லை. ஒரே வாயிலிருந்து கிளம்பி நூறு நூல்களுக்குள் புகுந்திருக்கவும் கூடும். ‘இந்த வண்டி அசல் சிவப்பு’ என்று நண்பருக்கு வண்டியை விற்றவர் சொன்னதும் அதே கோப்புக்குத்தான் போனது.

எண்களும் பதிவேடும்

அடுத்தது, எண். வி7 ஸ்போர்ட்டின் சேசிஸ் எண் ‘விகே’ என்ற எழுத்துகளோடு தொடங்கும். அருகே போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் முத்திரையும் இருக்கும். முத்திரையின் எழுத்துருவம், ஆழம், எழுத்துகளின் இடைவெளி ஆகியவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். சுற்றிலும் உலோகத்தை அராவிய தடம் இல்லை. எண்ணை யாரும் அழித்து மறுபடி குத்தவில்லை, நல்ல செய்தி. ஆனால் அந்த எண், சிவப்புத் தொகுதிக்கு உரியதாகச் சொல்லப்படும் தொடக்க எண்களிலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்தது. நண்பரின் முகம் சுருங்கியது. தொகுதியின் எல்லையே நூலுக்கு நூல் மாறும்போது எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்றேன்.

பின்பு, காகிதம். நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தைப் போல இத்தாலியில் ‘லிப்ரெத்தோ’ உண்டு. நண்பரிடம் இருந்த லிப்ரெத்தோ, வண்டியின் நடுவயதில் தொடங்கியது. இது சந்தேகத்துக்குரிய விஷயமல்ல. அந்தக் காலத்தில் இத்தாலியப் பதிவெண்கள் மாகாண எழுத்துகளோடு தொடங்கின. மிலானுக்கு ‘எம்ஐ’, கோமோவுக்கு ‘சிஓ’. வண்டி வேறு மாகாணத்துக்காரருக்குக் கைமாறினால் புதுப் பதிவெண், புது லிப்ரெத்தோ. அதோடு பழைய வாழ்க்கை காகிதத்தில் அறுந்துபோகும்.

அறுந்த நுனியை ஒட்டவைக்க ஒரு வழி உண்டு. 1927-இல் ஏற்பட்ட பொது வாகனப் பதிவேடு, இத்தாலிய ஆட்டோமொபைல் கிளப்பின் பொறுப்பில் இன்றும் இயங்குகிறது. கட்டணம் செலுத்தினால் ஒரு வண்டியின் உடைமை வரலாற்றைக் கால வரிசையில் எடுத்துத் தருவார்கள். அங்கே உள்ளே நுழையும் கதவு, பதிவெண். புதுப் பதிவெண்ணைக் கொடுத்து, பழைய பதிவெண்ணைப் பெற்று, அதைக் கொண்டு இன்னொரு சான்று கேட்டு, படிப்படியாகப் பின்னோக்கிப் போனோம். கடைசியில் வந்து நின்ற முதல் பதிவு 1973.

சிவப்புத் தொகுதியின் வேலை 1972-க்குள் முடிந்துவிட்டது. என்றாலும் கடையில் விற்காமல் நின்ற வண்டி தாமதமாகப் பதிவாகியிருக்கலாம். பதிவேட்டில் இருப்பது, வண்டி சாலைக்கு வந்த தேதி. தொழிற்சாலையில் பிறந்த தேதி அதில் இல்லை. அதைவிட முக்கியமானது, சேசிஸின் நிறத்தை எழுதிவைக்க வேண்டும் என்று எந்தக் குமாஸ்தாவுக்கும் தோன்றியதில்லை. பிற்காலத்தில் எது விலைமதிப்பாகும் என்பதை முன்கூட்டி அறிந்து யாரும் படிவம் அச்சடிப்பதில்லை.

கறுப்பு வெள்ளைப் படங்கள்

நிறத்துக்குச் சாட்சி தேடி மிலான் நகரின் பிரேரா மாளிகையிலுள்ள பிராய்தென்ஸே தேசிய நூலகத்துக்குப் போனேன். மிலானில் அச்சாகும் வெளியீடுகள் சட்டப்படி வந்துசேரும் இடம் அது. ‘மோட்டோசிக்லிஸ்மோ’ 1914 முதல் வெளிவரும் இதழ். அந்தக் கால வண்டிச் சோதனைகள், விளம்பரங்கள், கண்காட்சிச் செய்திகள் அதில் கிடைக்கும். சிக்கல், உள்பக்கப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை.

இங்கேதான் புகைப்பட வேதியியல் உதவிக்கு வந்தது. அக்காலத்தில் வழக்கிலிருந்த பான்குரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பு ஒளியையும் உணரும். ஆகவே சிவப்பு அதில் நடுத்தரச் சாம்பலாக விழும். கறுப்பு, கறுப்பாகவே விழும். படத்திலுள்ள டயரின் கருமையை அளவுகோலாக வைத்துக்கொண்டு சேசிஸைப் பார்த்தால், தொடக்க கால வண்டி எது, வழக்கமான உற்பத்தி எது என்று ஓரளவு பிரித்துவிடலாம். நிறத்தோடு வடிவத்தையும் குறித்துக்கொண்டேன்: முன்சக்கரத்தில் இரு பக்கமும் இயங்கும் 220 மி.மீ. டிரம் பிரேக், சைலன்சரின் முனை, உறுப்புகளின் வார்ப்பு மேற்பரப்பு. பந்தயப் பிரிவு செய்த வண்டிகளில் சில உறுப்புகள் மணல் அச்சில் வார்க்கப்பட்டவை. அவற்றின் சொரசொரப்பு தனித்துத் தெரியும். பெருந்தொகையாகச் செய்யும்போது உலோக அச்சுக்கு மாறுவார்கள், மேற்பரப்பு வழுவழுப்பாகும். நண்பரின் ஷெட்டில் கிடந்த எஞ்சின் உறைகளில் மணலின் தடயம் இல்லை.

இன்னொரு தடயம் எஞ்சினுக்குள் இருந்தது. முதல் வி7-இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 80 மி.மீ., கொள்ளளவு 703 சி.சி. அடுத்து வந்த வி7 ஸ்பெஷலின் போர் 83 மி.மீ., 757 சி.சி. பந்தயங்களில் 750 சி.சி. வகுப்புக்கு அது 7 சி.சி. கூடுதல். அதனால் ஸ்போர்ட் வண்டிக்குப் போரை அரை மி.மீ. குறைத்து 82.5 ஆக்கினார்கள், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) அதே 70 மி.மீ.; கொள்ளளவு 748 சி.சி. நண்பர் போர் கேஜை இறக்கினார், 82.5 காட்டியது. இந்த சிலிண்டர்களின் உட்சுவரில் கெட்டிக் குரோமியப் பூச்சு உண்டு. மற்ற வண்டிகளைப் போலப் போரைக் கடைந்து பெரிதாக்க முடியாது. எனவே 82.5 என்ற அளவு பிறவி அளவுதான். எஞ்சின் உண்மையான ஸ்போர்ட் எஞ்சின். ஆனால் அந்த அளவு சிவப்பு வண்டிக்கும் கறுப்பு வண்டிக்கும் பொது.

பூச்சு ஓரிடத்தில் செதில் செதிலாக உரியத் தொடங்கியிருந்தது. அக்கால குட்ஸிகளில் இது தெரிந்த நோய். எண்ணெய்க்குக் காகித வடிகட்டியும் அவற்றில் கிடையாது, சல்லடை மட்டுமே. உரிந்த குரோமியத் துகள் எண்ணெயோடு கலந்து பேரிங்குகளைத் தின்னும். தடயமாக வைத்திருக்கலாமே என்ற ஆசை எனக்கு இருந்தாலும், சிலிண்டர்களை மாற்றச் சொன்னேன். ஓட வேண்டிய வண்டி அது. பழையவை எண்ணெய் பூசி, சீட்டு ஒட்டி, அலமாரிக்குப் போயின.

குழாய் சொன்ன தீர்ப்பு

கடைசியாக சேசிஸையே விசாரித்தோம். முதலில் பெயிண்ட். ஸ்டியரிங் தலையின் கீழே, பேட்டரித் தட்டின் பின்னே, டேங்கின் ரப்பர் உட்காரும் இடத்தில் என்று கண்ணுக்குப் படாத இடங்களைத் தேர்ந்து, நீர் தெளித்து நுண்ணிய வாட்டர் பேப்பரால் சரிவாகத் தேய்த்தோம். மரத்தின் வயது வளையங்கள்போல அடுக்குகள் விரிந்தன: உலோகம், பிரைமர், கறுப்பு, அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கின் மெல்லிய கோடு, வேறொரு பிரைமர், சிவப்பு. அந்தப் பிசுக்குக் கோடு முக்கியம். கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே சாலை இருந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி. வண்டி கறுப்பாகச் சில காலம் ஓடிய பிறகுதான் சிவப்பானது.

இதற்கும் எதிர்வாதம் உண்டு. அசல் சிவப்பு வண்டி விபத்தில் அடிபட்டு, பழைய பெயிண்டை அடியோடு சுரண்டிக் கறுப்படித்து, மீண்டும் சிவப்புக்கு வந்திருக்கலாமே? பெயிண்ட் அடுக்கால் அதை மறுக்க முடியாது. உலோகத்தால் முடியும். குரோம்-மாலிப்டினம் எஃகில் ஏறத்தாழ 1 சதவீதம் குரோமியமும் 0.2 சதவீதம் மாலிப்டினமும் இருக்கும். சாதாரண எஃகில் இரண்டும் பெயரளவுக்குத்தான். காந்தம் இரண்டிலும் ஒட்டும், அதனால் பயனில்லை. பழைய இரும்பு வாங்கும் பெரிய கிடங்குகளில் உலோகங்களைத் தரம் பிரிக்க, கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி வைத்திருப்பார்கள். நாணய அளவுக்குப் பெயிண்டை நீக்கிய இடத்தில் அழுத்தினால், சில நொடிகளில் உலோகக் கலவையின் விகிதத்தைத் திரையில் காட்டும். சேசிஸைத் தோளில் சுமந்துகொண்டு அப்படியொரு கிடங்குக்குப் போனோம். மூன்று குழாய்களில் பார்த்தோம். குரோமியம் இல்லை. மாலிப்டினமும் இல்லை.

வண்டி கறுப்பாகப் பிறந்தது. விவாதம் முடிந்தது.

எந்த ஆவணமும் தனியாக இந்த முடிவைத் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எண் சந்தேகத்தை எழுப்பியது. பதிவேடு காலத்தைக் குறுக்கியது. இதழ்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டின. உலோகம் கதவைச் சாத்தியது. இன்னொன்றும் உண்டு. ‘இது அசல் சிவப்பு அல்ல’ என்று ஒரே ஒரு பொருந்தாத தடயத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்லிவிடலாம். ‘இது அசல் சிவப்பு’ என்று சொல்வதற்கோ எல்லாத் தடயங்களும் பொருந்த வேண்டும். பொருந்தினாலும், இன்னும் கேட்காத கேள்வி ஒன்று மிச்சமிருக்கும். விற்பனைச் சீட்டில் ‘உறுதியாக அசல்’ என்று எழுதுபவர்களின் துணிச்சல் ஆய்வாளனுக்கு வராததற்கு இதுதான் காரணம்.

சிவப்படித்தவர் ஏமாற்றுக்காரர் என்று நான் எழுதிக்கொடுக்கவில்லை. ஆசைப்பட்ட வண்டியை வாங்க முடியாதவர், வாங்க முடிந்த வண்டிக்கு ஆசைப்பட்ட நிறத்தை அடித்திருக்கலாம். பெயிண்ட் அடுக்கில் நோக்கம் தெரிவதில்லை. விற்கும்போது வாய் என்ன சொன்னது என்பதில்தான் குற்றமோ குற்றமின்மையோ இருக்கிறது. அதற்கு ஆவணம் இல்லை.

நண்பர் கொஞ்ச நாள் வருத்தமாக இருந்தார். பிறகு சேசிஸுக்குக் கறுப்பே அடித்தார். பேட்டரித் தட்டின் பின்னால் நாங்கள் தேய்த்த ஓரிடத்தை மட்டும் தொடாமல் விட்டு, மேலே தெளிந்த வார்னிஷ் பூசச் சொன்னேன். அடுத்து விசாரிப்பவருக்கு அந்த அடுக்குகள் வேண்டும். பதிவேட்டுச் சான்றுகள், உலோகச் சோதனையின் தாள், மாற்றிய உறுப்புகளின் பட்டியல், எந்தெந்த இடத்தை எப்போது தேய்த்தோம் என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு லிப்ரெத்தோவோடு வைத்தாயிற்று. வீட்டில் பழைய வண்டியைப் புதுப்பிக்கும் எவரும் உப்புத்தாளை எடுக்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. பெயிண்ட் அடிப்பது அதற்கு அப்புறம்.