உப்பும் கருகலும்

கிழக்கு லண்டனில் அண்ணன் வீட்டுச் சமையலறை. 2011 குளிர்காலம். கெட்டிலுக்குள் உப்புப் படிவை நீக்கும் டீஸ்கேலர் பொடி ஒரு பாக்கெட்டைக் கொட்டி வெந்நீர் ஊற்றியிருந்தார் அண்ணி. மிச்சப் பொடியை ஒரு கண்ணாடி டம்ளரில் கரைத்து, தன் இ-சிகரெட்டின் பழைய அட்டோமைசர்கள் மூன்றை அதில் முக்கி வைத்திருந்தான் அவர் மகன். கெட்டில், சோடா பாட்டிலைத் திறந்தது போல நுரைத்து இரைந்தது. டம்ளரில் சத்தமே இல்லை. அரைமணி நேரத்தில் தண்ணீர் மட்டும் டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது.

“பாருங்க சித்தப்பா, எவ்வளவு அழுக்கு இறங்குது!” என்றான்.

ஒரே பொடி, ஒரே வெந்நீர். ஒன்று இரைகிறது, இன்னொன்று நிறம் மாறுகிறது. இரண்டையும் ‘சுத்தமாகிறது’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

கெட்டிலில் இருந்தது உப்பு. நம்மூரில் போர் தண்ணீரைக் காய்ச்சுகிறவர்கள் ‘உப்பு படிஞ்சிருக்கு’ என்கிறார்களே, அதே சங்கதி. லண்டனின் குடிநீரில் பெரும்பகுதி தேம்ஸ், லீ ஆறுகளிலிருந்து வருகிறது. அந்த ஆறுகளுக்குத் தண்ணீர் தரும் நிலமோ சில்டர்ன் குன்றுகளைப் போல மென்சுண்ணாம்புப் பாறை. பாறைக்குள் ஊறி வரும் மழைநீர் சுண்ணாம்பைப் பைகார்பனேட்டாகக் கரைத்து எடுத்து வருகிறது. குழாயில் திறந்தால் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை. கொதிக்க வைத்ததும் கரியமில வாயு வெளியேறிவிட, கரைந்து வந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகி, எங்கே சூடு அதிகமோ அங்கே ஒட்டிக்கொள்கிறது. அமிலம் பட்டால் அந்தக் கல் கரைந்து, தன்னிடம் மிச்சமிருக்கும் வாயுவையும் விட்டுவிடுகிறது. அண்ணியின் கெட்டிலில் கேட்ட இரைச்சல் அதுதான். இரைச்சல் அடங்கினால் ஒன்று கல் தீர்ந்தது, இல்லை அமிலம் தீர்ந்தது. வேலை நடக்கிறதா என்று காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

கணக்கும் ஒளிவுமறைவு இல்லாதது. ஒரு கிராம் சுண்ணாம்பைக் கரைக்க, அந்தப் பொடியில் இருக்கும் சிட்ரிக் அமிலம் சுமார் 1.3 கிராம் வேண்டும். 5 சதவீத வினிகர் என்றால் ஏறக்குறைய 24 மில்லி. கெட்டில் நிறைய வினிகர் ஊற்றிக் கொதிக்க வைத்து, மூன்று நாள் வீட்டில் ஊறுகாய் வாடை அடித்தவர்கள் பொடிக்கு மாறியதில் வியப்பில்லை.

இந்த சிட்ரிக் அமிலத்துக்கு வயது அதிகம். 1784இல் ஷீலே என்ற வேதியியலாளர் எலுமிச்சைச் சாற்றிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தார். இன்று கடையில் கிடைக்கும் பொடிக்கும் எலுமிச்சைக்கும் தொடர்பில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கருப்புப் பூஞ்சை சர்க்கரையைத் தின்று அதைத் தயாரிக்கும் என்று வேதியியலாளர் ஜேம்ஸ் கரி 1917இல் காட்டினார்; இரண்டே வருடத்தில் புரூக்ளினில் ஃபைசர் நிறுவனம் அதை ஆலைத் தொழிலாக்கியது. பிரிட்டனில் பழைய கெட்டில் மருந்துகள் சிலவற்றில் இருந்தது ஃபார்மிக் அமிலம். எறும்பு கடித்தால் எரிகிறதே, அது. குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டக்காரர்கள் பாலை உறைய வைப்பதும் அதில்தான்.

இனி டம்ளருக்கு வருவோம். 2003இல் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளர் வடிவமைத்ததிலிருந்து பெருகியவை இன்றைய இ-சிகரெட்டுகள். அவற்றின் அடுப்பு, அட்டோமைசருக்குள் இருக்கும் ஒரு சின்னக் கம்பிச் சுருள், அதாவது காயில். அதனோடு ஒட்டி ஒரு திரி. திரி உறிஞ்சிக் கொடுக்கும் திரவத்தைக் காயில் ஆவியாக்குகிறது. திரவத்தில் இருப்பவை புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், வாசனைப் பொருள்கள், பல சமயம் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு. முதலாவது 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290இல். இனிப்பு கொதித்து ஆவியாகும் ரகமே இல்லை. சூட்டில் சிதைந்து கம்பியிலேயே தங்கிவிடும். பாயசத்தைக் கிளறாமல் விட்டால் பாத்திரத்தின் அடியில் நடப்பது இங்கே ஒரு நூல் கனக் கம்பியின் மேல் நடக்கிறது. திரி காய்ந்துபோனால் கிளிசரினும் உடைந்து அக்ரோலீன் ஆகும். எண்ணெய் தீய்ந்தால் மூக்கில் ஏறும் காரம் அதுதான்.

ஆக, ஒன்று படிந்தது, மற்றது அடிப்பிடித்தது. ஒன்று கல்லிலிருந்து வந்தது, மற்றது இனிப்பிலிருந்து. கல்லைக் கரைக்கிற அமிலத்துக்குக் கரியிடம் எந்த வேலையும் இல்லை.

சந்தேகம் இருப்பவர்கள் கிளாஸ்கோ வரை போய்ப் பார்க்கலாம். அந்த ஊருக்கு 1859 முதல் லாக் கேட்ரின் ஏரித் தண்ணீர். மலை மேல் பெய்த மழை, சுண்ணாம்புப் பாறையைத் தொடாமலே இறங்கி வருகிறது. அங்கே கெட்டிலுக்குள் வெள்ளைப் பொருக்கு ஏறுவதில்லை, டீஸ்கேலர் வாங்க அவசியமும் இல்லை. அதே ஊரில் காயில் மட்டும் லண்டனைப் போலவே கருகும். குழாய்த் தண்ணீர் அதற்குள் போவதே இல்லையே! கெட்டிலின் நோய் ஊரைப் பொறுத்தது. காயிலின் நோய் அதில் ஊற்றும் திரவத்தையும் இழுக்கிற ஆளையும் பொறுத்தது.

அப்படியென்றால் அந்த டிகாஷன் நிறம்? இனிப்பு முழுக்கக் கரியாவதற்கு முன் பழுப்புப் பாகு நிலை ஒன்று உண்டு. அது வெந்நீரிலேயே கரையும். கிளிசரினும் அப்படியே. பையன் கண்ட ‘அழுக்கு’ அதுதான். அமிலத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. பக்கத்தில் வெறும் வெந்நீர் ஊற்றிய இன்னொரு டம்ளர் இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். டீஸ்கேலர், வினிகர், கோலா பானம், பல்செட் கழுவும் மாத்திரை, வோட்கா என்று அந்தக் காலத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாமே கொஞ்சம் பலித்தன. எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது தண்ணீர். பாகு இறங்கியதும் சுவை இரண்டு நாள் தெளியும். அடியில் இருக்கும் கரி இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த வித்தியாசம் நம் வீட்டுப் பாட்டிகளுக்குப் புதிதல்ல. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி, அடிப்பிடித்த பாத்திரத்துக்குச் சாம்பல். புளியின் அமிலம் உலோகத்தின் மேல் ஏறிய களிம்பைக் கரைக்கிறது. சாம்பலின் காரமும் சொரசொரப்பும் சேர்ந்து கருகலைப் பெயர்க்கின்றன. அடிப்பிடித்த பால் சட்டியில் புளியைக் கரைத்து ஊற்றி யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதே பாட்டி விளக்கைத்தான் தேய்ப்பார், திரியைத் தேய்க்க மாட்டார். கருகிய நுனியைக் கிள்ளிவிடுவார், இல்லையென்றால் புதுத்திரி போடுவார்.

சரி, சலவை சோடாவோ சாம்பலோ காயிலுக்கு உதவுமா என்றால், அங்கே வேறொரு சிக்கல் இருக்கிறது. ஊற வைப்பதை விட அலசுவதுதான் கடினம். கெட்டில் வாய் அகன்ற பாத்திரம். உள்ளே கை போகும். மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்க வைத்துக் கொட்டினால் அமிலம் போய்விடும். துளி மிஞ்சினாலும் நாக்கு புளிப்பைக் காட்டிக்கொடுக்கும், குடித்தாலும் அது எலுமிச்சைச் சாற்றில் இருப்பதுதான். அட்டோமைசரோ விரல் நகத்தளவு குழாய். உள்ளே இழை இழையாக ஒரு திரி, சிலவற்றில் நிக்கல் வலை. திரவத்தை உறிஞ்சிப் பிடித்து வைப்பதற்கென்றே செய்த பொருள், டீஸ்கேலரையும் அப்படித்தான் பிடித்து வைக்கும். அதில் மிஞ்சுவது நாக்கிடம் அனுமதி கேட்டு வயிற்றுக்குப் போவதில்லை. சூடேறி, நேராக நுரையீரலுக்குப் போகிறது. டீஸ்கேலர் பாக்கெட்டில் கெட்டிலுக்கு எழுதிய ‘நன்றாக அலசவும்’ என்ற ஒரு வரி இந்தப் பயணத்தை நினைத்து எழுதியது அல்ல.

உலோகத்தைப் பாருங்கள். கெட்டிலின் அடி கனமான துருப்பிடிக்காத எஃகு. அரைமணி சிட்ரிக் அமிலத்தில் அதற்கு ஒன்றும் ஆகாது. காயில் கம்பியும், அது நிக்ரோம் உலோகக் கலவையோ கந்தால் கலவையோ, சிட்ரிக் அமிலத்தை ஓரளவு தாங்கும். தாங்காதவை கம்பியைச் சுற்றியிருப்பவை: ஈயப்பற்று வைத்த இணைப்பு, நிக்கல் பூச்சு தேய்ந்த பித்தளை, அந்த வலை. ஊறி எழுந்த பாகம் பளபளக்கிறது என்றால் அழுக்கோடு உலோகத்தின் மேல்தோலும் கொஞ்சம் போயிருக்கிறது என்று அர்த்தம். ஊறாத, புதிய பாகங்களிலேயே இது ஒரு பிரச்சினைதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாக ஆய்வாளர்கள் 2013இல் இ-சிகரெட் ஆவியில் வெள்ளீயத் துகள்களைக் கண்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் புட்டியில் இருக்கும் திரவத்தையும் காயிலைத் தொட்டு வந்த ஆவியையும் ஒப்பிட்டார்கள். ஈயம், குரோமியம், நிக்கல் எல்லாம் ஆவியில்தான் கூடுதலாக இருந்தன. இணைப்பை அமிலத்தில் ஊற வைப்பது அந்தப் பட்டியலுக்கு உரம் போடுவது போல.

கரியை உண்மையில் நீக்குவது நெருப்புதான். திரவமில்லாமல் பொத்தானை விட்டு விட்டு அமுக்கிக் கம்பியைச் சிவக்க வைப்பார்கள். கரி சாம்பலாகி உதிரும். சிலிக்கா திரி அதைத் தாங்கும், பஞ்சுத்திரி எரிந்தே போகும். சிவந்து சிவந்து ஆறும் கம்பியின் மேற்பரப்பும் மாறிக்கொண்டே போகிறது. எனவே கம்பியைத் தானே சுற்றத் தெரிந்தவர்கள்கூடப் பஞ்சை மாற்றினார்கள், சில முறைக்குப் பிறகு கம்பியையும் மாற்றினார்கள். கெட்டிலை மீட்பது பழுது பார்ப்பது. காயிலை மீட்பது திரியைத் துவைத்துப் போடுவது என்றே எனக்குப் படுகிறது.

இந்தியாவில் இந்தக் கேள்வியே சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. இ-சிகரெட்டுகளைத் தடை செய்து 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம், அதே ஆண்டில் முழுச் சட்டம். தயாரிப்பும் விற்பனையும் முதல் முறையிலேயே ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். பிரிட்டன் வேறு வழியில் போனது. 2025 ஜூன் 1 முதல் தீர்ந்ததும் தூக்கி எறியும் வகைகளுக்கு மட்டும் அங்கே தடை. மறுபடி நிரப்பக் கூடியவை நிற்கின்றன. காயிலை மாற்றுகிறவர்கள் பெருகப் பெருக, காசு மிச்சம் பிடிக்க டம்ளரில் போட்டுப் பார்க்கிறவர்களும் திரும்பி வருவார்கள்.

அன்று சாயங்காலம் கெட்டிலின் அடி கண்ணாடி போலத் தெரிந்தது. அண்ணி இரண்டு முறை வெறும் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டு டீ போட்டார். மகன் மூன்று அட்டோமைசர்களையும் ரேடியேட்டர் மேல் காய வைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்தத் தொடங்கினான். ஒன்று எரியவே இல்லை. இரண்டாவதைப் பொருத்தி, முதல் இழுப்பில் ‘சூப்பர்’ என்றான், நாலாவதில் முகத்தைச் சுளித்தான். மூன்றாவதைப் பொருத்திப் பார்க்காமலே, பழைய சாவிகளும் பேட்டரிகளும் கிடக்கும் மேசை டிராயரில் போட்டுவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.