சம்பளமில்லாத குமாஸ்தாக்கள்

ஆகஸ்ட் 16-ஐப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1962-ல் அந்தத் தேதியில்தான் நம் ஊர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து சட்டப்படி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. நிர்வாகம் 1954 நவம்பர் 1-லேயே கைமாறிவிட்டது. காகிதம் முடியத்தான் ஏறக்குறைய எட்டு வருஷம் பிடித்தது. அதே ஆகஸ்ட் 16-ல், 1993-ஆம் வருஷம், அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் ஓர் அறிவிப்பு விட்டான். அதிலிருந்து கிளம்பிய கதையைத்தான் இன்று எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சமாசாரம் என்று பயப்படாதீர்கள். நம்மைப் போல் ஃபைல்களோடு மாரடித்தவர்களுக்கு நன்றாகவே புரியும்.

நாலு வருஷத்துக்கு முன் என் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இஞ்சினீயரிங் படித்துக்கொண்டிருந்த பேரன் அதில் டெபியன் என்ற ஒன்றைப் போட்டுக் கொடுத்தான்.

"எவ்வளவுடா ஆச்சு?"

"காசே கிடையாது தாத்தா."

"அப்போ இதையெல்லாம் யார் பார்த்துக்கறாங்க?"

"உலகம் பூரா ஆயிரம் பேர் இருக்காங்க. சம்பளம் இல்லாமத்தான் செய்யறாங்க. நானும் ஒரு சின்னதைப் பார்த்துக்கறேன்."

35 வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவனுக்கு இது நம்பும்படியாக இல்லை. சம்பளம் கொடுத்தே மேஜையில் ஆள் இல்லாத கதைகள் எனக்குத் தெரியும். அந்தத் தொண்டர்களுக்கென்று ஒரு வழிகாட்டி இருக்கிறது, பிரெஞ்சிலும் கிடைக்கிறது என்று அவன் சொன்னதும் உட்கார்ந்து படித்தேன். பள்ளிக்கூடத்தில் திக்தே எழுதும்போது ஓர் எழுத்து பிசகினாலும் மண்டையில் குட்டுவார் எங்கள் மெஸ்யே. அந்தப் பிரெஞ்சு எனக்கு இதற்கு உதவும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

அறிவிப்பு விட்ட பையன் பெயர் இயன் மர்டாக். அப்போது வயது 20. காதலி டெப்ராவின் பெயரில் பாதியையும் தன் பெயரையும் ஒட்டி டெபியன் என்று வைத்தான். லினக்ஸ் என்ற கருவை 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியிருந்தார். கருவை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. எழுத, அச்சிட, கடிதம் அனுப்ப என்று யார் யாரோ எழுதிய நிரல்களையெல்லாம் அதனுடன் சேர்த்துக் கட்டித் தர வேண்டும். அப்படிக் கட்டித் தந்த எஸ்.எல்.எஸ். என்ற தொகுப்பில் குறைகள் மண்டிக் கிடந்தன, கேட்க நாதியில்லை. ஒரே ஆள் இதைக் கட்டி மேய்க்க முடியாது, பலர் சேர்ந்து வெளிப்படையாகச் செய்ய வேண்டும் என்பது மர்டாக்கின் எண்ணம்.

வேலை இப்படிப் பிரிந்தது. ஒவ்வொரு நிரலும் ஒரு பொதி. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர். அவர் பெரும்பாலும் நிரலை எழுதுபவர் அல்ல. எழுதியவரிடமிருந்து வாங்கி, உரிமைக் காகிதம் சரியா என்று பார்த்து, மற்றப் பொதிகளோடு ஒத்துப்போகும்படி கட்டி, ஜனங்களுக்குக் கொடுக்கிறார். அவர்களிடமிருந்து வரும் புகாரை எழுதியவருக்கு அனுப்புகிறார். நம் தபால் செக்ஷன் வேலைதான்.

மாறுதல் குறிப்பு என்று ஒவ்வொரு பொதிக்குள்ளும் ஒரு ரெஜிஸ்டர் உண்டு. யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார் என்று பெயரோடு எழுதாமல் ஒரு பொதியை ஏற்ற முடியாது. கொள்கைக் கையேட்டில் 'செய்தே ஆக வேண்டும்', 'செய்வது நல்லது', 'செய்யலாம்' என்று மூன்று தினுசு. முதல் வகையை மீறினால் அது கடும் பிழை. அந்தப் பொதி வெளியீட்டில் சேராது. 1997 ஜூலையில் ஒரு சமூக ஒப்பந்தம் போட்டார்கள். குறைகளை மறைக்க மாட்டோம், புகார்ப் பதிவேடு எப்போதும் எல்லார் பார்வைக்கும் திறந்திருக்கும் என்பது அதில் ஒரு ஷரத்து. நம் ஆபீசில் புகார்ப் புத்தகம் கேட்டால் கிடைத்ததா என்று நினைத்துப் பாருங்கள்.

(வெளியீடுகளுக்கு 'டாய் ஸ்டோரி' படத்து பொம்மைகளின் பெயர். 1996-ல் தலைவராக இருந்த புரூஸ் பெரென்ஸ் அந்தப் படம் எடுத்த பிக்ஸாரில் வேலை பார்த்தவர். புதுச் சரக்கு வந்து இறங்கும் இடத்துக்கு மட்டும் என்றைக்கும் 'சிட்' என்றே பெயர். படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் அவன்.)

1998-ல் வந்த அவர்கள் அரசியல் சட்டத்தில் ஓர் இடத்தில் நான் நின்றுவிட்டேன். எவரையும் வேலை செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது; ஒப்படைத்த வேலையையும் ஒருவர் செய்யாமல் விடலாம்; விதிகளுக்கு எதிராக வேலை செய்யத்தான் கூடாது என்கிறது அது. மெமோ கிடையாது, இன்க்ரிமெண்ட் கட் கிடையாது. பிறகு எப்படி வண்டி ஓடும்? அந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு கேள்விக்குச் சொன்ன பதில் என்றே எனக்குப் படுகிறது.

வெளியூர் போகிறீர்களா, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் இல்லாதபோது ஒரு பிழையை இன்னொருவர் திருத்தலாம். ஆனால் அவர் முதலில் புகார் பதிய வேண்டும், தான் செய்யப்போகும் திருத்தத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும், அவசரமில்லாவிட்டால் சில நாள் காத்திருப்பு வரிசையில் வைக்க வேண்டும். அதற்குள் நீங்கள் வந்தால் நிறுத்தலாம். அப்படி மற்றவர் கை பட்ட பதிப்புக்கு எண்ணின் வாலில் ஒரு புள்ளியும் ஒன்றும் சேரும், 1.2-3 என்பது 1.2-3.1 ஆகும். பார்த்தவுடனே இது அடிஷனல் சார்ஜில் நடந்தது என்று தெரிந்துவிடும். இனிமேல் முடியாது என்றால் அந்தப் பொதியை 'ஓர்ஃப்லேன்' என்று அறிவித்துவிட வேண்டும். அனாதை. எத்தா சிவில் காகிதங்களில் பார்த்துப் பழகிய சொல்லை இங்கே பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

எண்பதுகளில் நான் இருந்த ஓர் ஆபீசில் ஒருவர் மாற்றலாகிப் போனார். சார்ஜ் லிஸ்டில் 40 ஃபைல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், வாங்கிக்கொண்டவன் நான். பீரோவுக்குப் பின்னால் ஒரு கட்டு கிடந்தது லிஸ்டில் இல்லை, நானும் தேடவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோதுதான் அகப்பட்டது. அதில் ஒரு விதவையின் குடும்ப பென்ஷன் விண்ணப்பம். அந்த அம்மாள் மாதாமாதம் வந்து என் மேஜை முன்தான் நின்றார். "பேப்பர் வரலையேம்மா" என்று நானும் மாதாமாதம் சொன்னேன்.

ஆள் யார் என்று தெரிந்துகொள்வதிலும் அவர்களுக்குக் கண்டிப்பு உண்டு. சேர விரும்புகிறவர் ஏற்கெனவே உள்ள ஓர் உறுப்பினரை நேரில் பார்த்து, பாஸ்போர்ட் போல ஏதாவது அரசாங்க அடையாளம் காட்டி, தன் மின்சாவியில் அவர் ஒப்பம் வாங்க வேண்டும். 2006-ல் மெக்ஸிகோவில் கூடிய மாநாட்டில் ஓர் உறுப்பினர், எந்த அரசாங்கமும் கொடுக்காத ஓர் அட்டையை வேண்டுமென்றே நீட்டிப் பார்த்தார். பலர் ஒப்பமிட்டு விட்டார்களாம். லைஃப் சர்டிபிகேட் வாங்கிப் பழகிய எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அதே 2006-ல்தான் பெரிய தவறும் நடந்தது. ஓப்பன்-எஸ்.எஸ்.எல். என்பது ரகசியச் சாவிகள் உண்டாக்கும் பொதி. சோதனைக் கருவி ஒன்று அதில் இரண்டு வரிகளைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தது. பராமரிப்பாளர் மூல ஆசிரியர்களின் குழுவில் கேட்டார். எடுத்துவிட்டால் தப்பில்லை என்ற தொனியில் பதில் வந்தது. எடுத்துவிட்டார். அதில் ஒரு வரிதான் சாவிக்கு வேண்டிய தற்செயலையெல்லாம் உள்ளே கொண்டுபோன வரி. அது போனபின் ஒரு வகைச் சாவிக்கு மொத்தமே 32,768 தினுசுதான். எவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுத் திறக்கலாம். ஏறக்குறைய 20 மாதம் ஒருவரும் கவனிக்கவில்லை. 2008-ல் அர்ஜெண்டினாவைச் சேர்ந்த லுசியானோ பெல்லோ என்ற டெபியன்காரர் கண்டுபிடித்தார். மே 13-ல் டெபியன் தானே வெளியே சொன்னது. உலகம் முழுவதும் சாவிகளை மாற்ற வேண்டி வந்தது. இதில் சோம்பேறித்தனமோ கெட்ட எண்ணமோ இல்லை, கேட்டுவிட்டுத்தான் செய்தார். ஆனால் செய்த திருத்தம் மூல ஆசிரியர்களின் ஃபைலுக்குப் போய்ச் சேரவில்லை. திருத்தத்தை மேலே அனுப்பு என்று வழிகாட்டி திரும்பத் திரும்பச் சொல்வது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது சம்பவத்தில் கெட்ட எண்ணம் இருந்தது. எக்ஸ்-இஸட் என்று ஒரு சுருக்கும் நிரல். எங்கும் இருப்பது, யாரும் கவனிக்காதது. அதை எழுதிப் பார்த்துக்கொண்டவர் தனி ஆள், களைத்துப் போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021-லிருந்து உதவிக்கு வந்தார். வேறு சில பெயர்கள், ஏன் இத்தனை தாமதம், இன்னொருவரிடம் கொடுங்கள் என்று நச்சரித்தன. கொஞ்சம் கொஞ்சமாகச் சாவி கைமாறியது. 2024-ல் வந்த புதுப் பதிப்பில் ஒரு திருட்டுக் கதவு. இதைச் சீக்கிரம் ஏற்றுங்கள் என்று டெபியனின் புகார்ப் பதிவேட்டிலும் ஒரு புதுப் பெயர் வந்து கேட்டது.

ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் சிட்டில் வேறு ஏதோ சோதித்துக்கொண்டிருந்தார். உள்ளே நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவது அவருக்கு உறுத்தியது. துருவிக்கொண்டே போய், மார்ச் 29-ல் உலகத்துக்குச் சொல்லிவிட்டார். சிட்டில் இறங்கிய பொதி 2, 5 அல்லது 10 நாள் காத்துத்தான் அடுத்த படியான சோதனைப் பிரிவுக்கு ஏறும். அங்கிருந்து நிலையான வெளியீட்டுக்குப் போக மாதக்கணக்கு ஆகும். அந்தக் கெட்ட பதிப்பு இரண்டாம் படி வரை ஏறியிருந்தது. ஜனங்கள் புழங்கும் நிலையான வெளியீட்டைத் தொடவில்லை. "ஏன் இவ்வளவு லேட்?" என்று நம்மை ஏசியவர்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

சொல்லாமல் காணாமற்போகிறவர்களுக்கும் 2018-ல் ஒரு வழி செய்தார்கள். கவனிப்பாரற்ற பொதியை எடுத்துக்கொள்ள விரும்புகிறவர் பகிரங்கமாக நோட்டீஸ் போட வேண்டும். 21 நாள் பொறுக்க வேண்டும். பிறகும் ஏற்றும்போது 7 நாள் காத்திருப்பு வரிசை. பழைய ஆள் இடையில் எப்போது வந்து வேண்டாம் என்றாலும் நின்றுவிடும். இயன் மர்டாக் 2015 டிசம்பர் 28-ல் 42 வயதில் இறந்துபோனார். அவர் தலைமையை விட்டே பல காலம் ஆகியிருந்தது. டெபியன் அதன்பாட்டில் வெளியீடுகளைக் கொண்டுவந்துகொண்டிருக்கிறது.

பேரனுக்குப் போன வருஷம் பெங்களூரில் வேலை கிடைத்தது. நேரமில்லை என்று தன் பொதியை அனாதை என்று அறிவித்தான். மூன்று வாரத்தில் பிரான்ஸில் லியோனிலிருந்து ஒரு அம்மாள் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினார். என்னென்ன புகார் பாக்கி, எது பாதியில் நிற்கிறது என்று இரண்டு பக்கம் குறிப்பு எழுதி, மரியாதைக்காக முதல் பத்தியை மட்டும் பிரெஞ்சில் போட்டு, திருத்தித் தரச் சொல்லி எனக்கு அனுப்பினான். அக்சான் மூன்று இடத்தில் தப்பு. அதைத் திருத்திவிட்டு, "லிஸ்டில் விட்டுப்போனது ஏதாவது இருக்கா, பீரோவுக்குப் பின்னாலயும் பார்த்தியா?" என்று கேட்டேன். என்ன பீரோ தாத்தா என்றான்.