பேருருத் தொடையிடுக்குக் குடலிறக்கம்: அறுவைச் சிகிச்சைச் சிக்கல்கள்

தொடையிடுக்கிலுள்ள தசைச்சுவரின் நலிந்த இடத்தின் வழியே குடலும் அதைப் போர்த்தியுள்ள கொழுப்புத்திரையும் விதைப்பைக்குள் இறங்கி, நோயாளி நிற்கும்போது உட்தொடையின் நடுப்பகுதிக்குக் கீழும் தொங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்ட நிலை பேருருக் குடலிறக்கம் எனப்படும். பேச்சு வழக்கில் ஹெர்னியா என்றும் குடலிறக்கம் என்றும் வழங்கும் இந்நோய், தொடக்க நிலையில் எளிதாகச் சரிசெய்யத்தக்கது. பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் விடப்படும்போதுதான் அது உயிருக்கு இடர் தரும் அறுவையைக் கோருவதாக மாறுகிறது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய தென்சென்னைப் புறநகர்களில், கூலி இழப்புக்கு அஞ்சியும் உறுப்பைக் காட்டக் கூசியும் நோயை மறைத்து வாழும் சுமைத்தொழிலாளரும் முதியோரும் இந்நிலையை அடைகின்றனர். யானைக்கால் நோய்க் கிருமியால் விதைப்பையில் நீர் கோக்கும் ஓதம் தமிழகக் கடலோர மாவட்டங்களில் அறிமுகமான நோயாதலால், குடலிறக்கத்தையும் ஓதமென்றே கருதி வாளாவிருப்பதும் உண்டு.

வரலாறு

விதைப்பை வீக்கங்களை ஏழாக வகுத்த சுசுருத சங்கிதை, குடல் இறங்குவதால் உண்டாவதை அவற்றுள் ஒன்றாக வைத்து, வீக்கம் தொடையிடுக்களவில் நிற்கையில் சூடிடலாம் என்றும், விதைப்பையை அடைந்துவிட்டால் மருத்துவர் அதைக் கைவிடவேண்டும் என்றும் விதித்தது. உடற்கூற்றின்படி தசைச்சுவரைத் திருத்தித் தைக்கும் முறையை இத்தாலியின் எடுவார்டோ பாசினி 1887இல் வெளியிட்டார். பாலிபுரொப்பிலீன் வலையை 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பிரான்சிஸ் அஷர் அறிமுகப்படுத்த, இழுவையின்றி வலையைப் பொருத்தும் முறையை 1980களில் இர்விங் லிக்டென்ஸ்டைன் நிலைநாட்டினார்.

பேருருக் குடலிறக்கத்தைப் பொறுத்தவரை இவற்றினும் முதன்மையானது காற்றேற்று முறையாகும். இதன் வேர் காசநோய் மருத்துவத்தில் இருப்பதால் தாம்பரத்தின் மருத்துவ வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. மருத்துவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய காசநோய்ச் சானடோரியம் 1937இல் மதராஸ் மாகாண அரசின் கைக்கு வந்தது. அதுவே இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோய்க்கு மருந்து வராத அக்காலத்தில், வயிற்றறைக்குள் காற்றைச் செலுத்தி உதரவிதானத்தை மேலே தள்ளி, நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வளிக்கும் வழக்கம் உலகின் பல சானடோரியங்களில் நிலவிற்று. அர்ஜென்டினாவின் இவான் கோஞி மொரேனோ 1940இல் அதே காற்றைக் குடலிறக்க நோயாளிகளிடம் வேறு நோக்கத்திற்குப் பயன்படுத்தி 1947இல் விரிவாக வெளியிட்டார். சில வாரங்கள் சிறிது சிறிதாகக் காற்றேற்றினால், சுருங்கிப்போன வயிற்றறை விரிந்து குடலுக்கு இடந்தருவதோடு, உதரவிதானமும் நுரையீரலும் வரவிருக்கும் அழுத்தத்திற்கு அறுவைக்கு முன்பே பழகிவிடுகின்றன. வீட்டிலிருந்தே மருந்துண்பவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமடைவதை மதராஸ் காசநோய் மருந்தாய்வு மையம் 1959இல் மெய்ப்பித்தது. அதன்பின் காசநோயில் மறைந்த காற்றேற்று முறை குடலிறக்க அறுவையில் நிலைத்துவிட்டது.

வகைப்பாடு

2014இல் தாய்லாந்து அறுவை மருத்துவர்கள் முன்வைத்த பகுப்பில், உட்தொடை நடுவிலிருந்து முழங்காற்சில்லின் மேல்கோடு வரையுள்ள தொலைவை இரண்டாக்கி, மேற்பாதியில் முடிவது முதல் வகை, கீழ்ப்பாதியில் முடிவது இரண்டாம் வகை, மேல்கோட்டையும் தாண்டுவது மூன்றாம் வகை எனக் கொள்ளப்படுகிறது. நீளத்தை மட்டும் அளக்கும் இப்பகுப்பைவிட, சி.டி. படத்தின் வழியாகக் குடலிறக்கப் பையின் கனஅளவை வயிற்றறையின் கனஅளவோடு ஒப்பிடும் தனாகா விகிதமே சிகிச்சையைத் தீர்மானிக்க ஏற்றது. இவ்விகிதம் 25 விழுக்காட்டைக் கடந்தால், வயிற்றறை தன் உறுப்புகளுக்கு உரிய இடத்தை இழந்துவிட்டதாகக் கருதப்படுகிறது.

சிக்கல்கள்

பேருருக் குடலிறக்கத்தில் பெருங்கேடு தொடையிடுக்கில் எழுவதன்று. வெளியே வாழப் பழகிய குடல் மீண்டும் உள்ளே தள்ளப்படும்போது வயிற்றறையில் எழுவதாகும். வயிற்றுள் அழுத்தம் 12 மி.மீ. பாதரச அளவை எட்டினாலே மிகையழுத்தம் எனப்படும். 20ஐக் கடந்து உறுப்புகளும் செயலிழக்கத் தொடங்கினால் அது வயிற்றறை இறுக்க நிலையாகும். பெருஞ்சிரை நசுங்கி இதயத்திற்குத் திரும்பும் குருதி குறைகிறது, சிறுநீர் வற்றுகிறது, உதரவிதானம் மேலெழுந்து மூச்சு தடைப்படுகிறது. நாட்பட்ட இருமலோ புகைப்பழக்கமோ உடையவர்களிடம் இது விரைந்து முற்றுவதால், சிறுநீர்ப்பைக் குழாய் வழியாக அழுத்தத்தை அளந்து கண்காணிப்பதும், தேவையெனில் வயிற்றை மீண்டும் திறந்து அழுத்தம் தணிப்பதும் உயிர்காக்கும் செயல்களாகும். இடம் உண்டாக்குவதற்காகக் குடலின் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் வழி, கிருமித்தொற்றை வலை வரை கொண்டுசேர்க்கக் கூடியதாதலால், காற்றேற்று முறைக்கு அடுத்த நிலையிலேயே வைக்கத்தக்கது.

அறுவையின்போது, பையின் சுவராகவே சேர்ந்து இறங்கியிருக்கும் பெருங்குடலோ சிறுநீர்ப்பையோ கிழிபடலாம். பழைய ஒட்டுகளைப் பிரிக்கையில் குருதி கசியலாம். விந்து நாணின் குருதிக்குழாய்கள் சேதமுற்றால் விதை வீங்கிப் பின்னர் சுருங்கும். நாண் பையோடு பிரிக்கவியலாதபடி பிணைந்திருப்பின், நோயாளியின் முன்னிசைவோடு அப்பக்க விதையை அகற்றவும் நேரும். அறுவைக்குப்பின், காலியான விதைப்பையில் ஊனீரும் குருதியும் தேங்குவது பெரும்பாலும் காணப்படும் தொல்லையாகும்; வடிகுழாயும் இறுக்கமான கோவணக் கட்டும் இதைக் குறைக்கின்றன. சிறுநீர் அடைப்பு, காலின் ஆழ்சிரைகளில் குருதி உறைதல், புண் சீழ்பிடித்தல், வலையில் தொற்று ஆகியன ஏனையவை. தொடையிடுக்கில் ஓடும் மூன்று நரம்புகளுள் ஒன்று தையலில் சிக்கினால், மூன்று மாதங்களுக்கு மேலும் வலி நீடிக்கலாம். வயிற்றழுத்தமும் இருமலும் அடங்காவிடில் குடலிறக்கம் மீண்டும் தோன்றும்.

தற்கால நிலை

வயிற்றுத் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியும் லேப்ராஸ்கோப்பி அறுவையும் இப்போது பயன்பாட்டில் உள்ளன. தென்புறநகர் மக்களுக்குக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையும், 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் அணுகத்தக்கவை. வீக்கம் சிறிதாயிருக்கும்போதே சிகிச்சை பெற்றால் மேற்கூறிய சிக்கல்களுள் பெரும்பாலானவை எழவே மாட்டா.