ஸ்ரீரங்கத்தின் எல்லையை நிரல்வழிப் பெறுதல்

புவியியல் எல்லைகளை நிரலின் வாயிலாகத் தருவித்து, அவற்றின்மேல் மக்கள்தொகையையோ நோய்ப்பரவலையோ பொருத்திப் பார்க்கும் ஆய்வாளர்கள், அந்நிரலிற் கொடுத்த தெரிவுகளை அற்ப விஷயமாகக் கருதிக் கட்டுரையிற் குறிக்காது விடுவது வழக்கமாகிவிட்டது. ஆண்டு, நிர்வாகநிலை, நுணுக்கம் என்னும் இத்தெரிவுகளே ஆராயப்படும் பிரதேசம் இன்னதென்று நிர்ணயிப்பதால், அவற்றை நிரலகத்தின் இயல்பிருப்புக்கு விட்டுவிடுவது ஆய்வுப்பொருளையே பிறர் கையில் ஒப்புவிப்பதாகும் என்பது என் துணிபு.

ஸ்ரீரங்கம் என்றமாத்திரத்தில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவும், ஏழு பிராகாரங்கள் சூழ்ந்த கோயிலும் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் அப்பெயர் தாங்கிய வட்டமோ தீவோடு நில்லாமல், கரூர்ச் சாலையிலுள்ள ஜீயபுரம், பெட்டவாய்த்தலை முதலிய தென்கரை ஊர்களையும் உட்கொண்டிருக்கிறது; அதே பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதியும் உண்டு. பைதான் மொழியின் ஓஎஸ்எம்என்எக்ஸ் நிரலகத்திடம் ஊர்ப்பெயரை மட்டும் கொடுத்து, எத்தனையாவது விடை வேண்டுமென்று சொல்லாதிருந்தால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தேடுசேவை தரும் விடைகளுள் பரப்பு வடிவுடைய முதலாவதையே அது எடுத்துக்கொள்ளும். அவ்விடை தீவா, நகரா, வட்டமா என்று பார்த்துத் தெளிதல் ஆய்வாளர் கடமை. பெற்ற விடையை அந்நிரலகம் கணினியிற் சேமித்துவைப்பதால், மூலத்தில் எல்லை திருத்தப்பட்ட பின்னரும் பழையதே திரும்ப வரக்கூடும்.

நுணுக்கமும் இடத்துக்கேற்ப அமையவேண்டும். ஆர் மொழியின் ஜியோடேட்டா நிரலகம் நுண்வடிவையும் பருவடிவையும் தனித்தனியே தருகிறது. மாநிலம் முழுமைக்கும் வரையும் படத்துக்குப் பின்னது போதும். ஆயினும் எல்லைக்கோட்டை 0.01 பாகையளவு எளிமையாக்கினால் அது ஏறத்தாழ 1.1 கிலோமீட்டர் வரை விலகலாம். தீவு ஒடுங்கிச் செல்லும் கல்லணைப் பக்கத்தில் அவ்விலகல் கரையோரச் சிற்றூரை அக்கரைக்குக் கொண்டுபோய்விடும்.

எல்லாவற்றினும் பெரிது ஆண்டு. 1994இல் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் ஒன்றுசேர்ந்து மாநகராட்சி உருவாயிற்று. அடுத்த ஆண்டே கரூரும் பெரம்பலூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆகவே 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கும் 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கும் இடையில், திருச்சிராப்பள்ளி என்னும் ஒரே பெயரின்கீழ் நகரம் விரிந்தது, மாவட்டம் சுருங்கியது. இன்றைய எல்லைக்குள் இரண்டு ஆண்டுகளின் தொகைகளையும் இட்டு ஒப்பிடுபவர், நகரில் இல்லாத வளர்ச்சியையும் மாவட்டத்தில் நேராத தேய்வையும் காண்பார்.

அமெரிக்கக் கணக்கெடுப்பின் எல்லைகளைத் தரும் டிக்ரிஸ் நிரலகத்தில் ஆண்டே ஒரு தெரிவாக இருக்கிறது. ஜியோடேட்டாவிலோ தரவுப் பதிப்பைத்தான் குறிக்கலாம்; குறிக்காவிடில் அண்மைப் பதிப்பே வந்துசேரும். பதிப்பு வெளியான காலம் வேறு, எல்லை நடைமுறையிலிருந்த காலம் வேறு. ஆதலால் 1991ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கம் நகராட்சியை வேண்டுவோர், அக்கணக்கெடுப்பின் அச்சிட்ட வரைபடங்களிலிருந்து எல்லையைத் தாமே வரைந்தெடுத்து, அந்தக் கோப்பையும் தம் கட்டுரையோடு இணைத்து வெளியிடுதல் வேண்டும்.