பனமலையில் எழுந்த வினா



செஞ்சிக்கு அருகிலுள்ள பனமலைக் குன்றின்மேல், பல்லவ வேந்தன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் விளங்குகிறது. அங்குள்ள தேவியின் சுவரோவியத்தைக் கண்டு நான் ஒருநாள் திரும்புகையில், உடன்வந்த மாணவன் தொலைவில் நின்ற கைப்பேசிக் கோபுரத்தைச் சுட்டிக் காட்டினான். "ஐயா, அதன் நுண்ணலைகள் நோயெதிர்க்கும் வெள்ளணுக்களை அழித்துவிடுமாமே! எங்கள் தெருவிலும் கோபுரம் வரப்போகிறதென்று என் தாயார் அஞ்சுகிறார்" என்றான். அவனுக்கு நான் கூறிய விடை இதுவே.

இவ்வச்சத்திற்கு வேர் 'கதிர்' என்னும் ஒரு சொல். 1895-இல் இராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். அது நிணநீர் வெள்ளணுக்களை எளிதில் மாய்க்கும் என்பதை மருத்துவ உலகம் விரைவில் உணர்ந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1894 முதல் 1896 வரை, கல்கத்தாவில் சகதீச சந்திர போசு மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்ணலைகளை ஆராய்ந்தார். இரண்டும் மின்காந்த அலைகளே. ஆயினும் ஆற்றலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. எக்ஸ் கதிர் உயிரணுவின் மரபுப் பொருளையே முறிக்கவல்லது. நுண்ணலைக்கு அவ்வாற்றல் இல்லை. அது நீர் மூலக்கூறுகளை அசைத்து வெப்பமூட்டும். வெப்பம் மிகுந்தால் வெள்ளணுவும் கெடும்.

வெப்பம் உண்டாக்காத மெல்லிய அலை என் செய்யும்? இவ்வினா மாஸ்கோவில் எழுந்தது. அங்கிருந்த அமெரிக்கத் தூதரகத்தின்மீது 1953 முதல் பல்லாண்டுகள் நுண்ணலைகள் பாய்ச்சப்பட்டன. பணியாளர் உடல்நலம் குறித்துப் பெருங்கவலை மூண்டது. பிற தூதரகப் பணியாளருடன் அவர்களை ஒப்பிட்டு ஆராய்ந்த லிலியன்ஃபெல்டு, நுண்ணலையால் தீங்கு நேர்ந்ததற்குத் தக்க சான்று இல்லை என 1978-இல் அறிவித்தார். ஆய்வுக்கூடங்களில் வெள்ளணுக்களில் மாறுதல் கண்டோரும் உளர், காணாதோரும் உளர்.

2011-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, வானலைகளைப் 'புற்றுநோய் விளைவிக்கக்கூடியவையாக இருக்கலாம்' என்னும் பிரிவில் சேர்த்தது. சான்று குறைவு என்பதையும் அதுவே கூறிற்று. 2012 செப்டம்பர் 1 முதல் இந்திய அரசு, கோபுர அலைகளின் வரம்பைப் பன்னாட்டு அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்சு அலைக்கு அது சதுர மீட்டருக்கு 0.45 வாட்டு ஆயிற்று.

"உன் தாயாரின் வினாவை எள்ளாதே, வதந்தியையும் நம்பாதே. 'எங்கள் தெருவில் அலையின் அளவு என்ன?' என்று கேட்கச் சொல்" என்றேன். அவன் அதனை ஏட்டில் குறித்துக்கொண்டான்.

மாணவர்களே, என் குரலை உங்களிடம் கொணரும் வானொலி அலையும் அக்குலத்தைச் சேர்ந்ததே. அளந்து அறிந்தபின் அஞ்சுவதா, துணிவதா என்று முடிவு செய்யுங்கள்.